மாத்தியாஸ் என்று இரண்டு பேர்

சுயாப்பா மாதா துணை

எல் அமாத்தே,
குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின செவ்வாய்

அன்பு மகள் டெல்மிஸுக்கு அம்மா காசிமிரா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் மகள் நொல்வியாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே ஸ்பெயினில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உங்களுக்காகவும் ஒரு மணி உருட்டுகிறேன். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் கத்துகிறது, இறங்கும்போது சும்மா இருக்கிறது. நொல்வியா கணக்கில் வகுப்புக்கே முதல், என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, டீச்சரே சந்தையில் நாலு பேர் கேட்கச் சொன்னாள். சோளம் இந்த வருஷம் சுமார்தான், காப்பி பரவாயில்லை.

நீ போனில் சாவி என்ன ஆச்சு என்று கேட்டாய், நான் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. பக்கத்தில் நொல்வியா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், அதோடு எனக்கே ஒன்றும் பிடிபடாமல் இருந்தது, பிடிபடாததைப் போனில் எப்படிச் சொல்வது. எழுதினால் எனக்கும் கொஞ்சம் சிக்கல் பிரியும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெரிய வியாழன் அன்று சாமியார் நற்கருணை அப்பத்தை வெள்ளிப் பேழையில் வைத்துப் பூட்டினதும் அந்தச் சாவி ரிப்பனில் கோத்து நம் வீட்டுப் பெண்பிள்ளை கழுத்துக்குத்தானே வரும், வெள்ளிக்கிழமை வரைக்கும் கழற்ற மாட்டோம். நான் போட்டேன், நீ பன்னிரண்டு வயதில் போட்டாய், இந்த வருஷம் நொல்வியாவுக்குப் பன்னிரண்டு. சட்டைகூட வெள்ளையில் தைத்தாகிவிட்டது, கை வைத்து, கழுத்தில் பின்னல் வைத்து. பேழையைக் கோயிலுக்குக் கொடுத்தவர் கேப்டன் லொரென்சோ கார்க்கமோ, நாம் அவர் வம்சம், சாவி அவர் வம்சத்துக்கு, இதில் என்ன கேள்வி என்றுதான் நானும் இருந்தேன்.

தவக்காலம் தொடங்கின வாரம் மெலானியா புஸ்டியோ ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு புதுச் சாமியாரிடம் போனாள். அவர்கள் கேப்டனுடைய மகள் வழி, அதை நானும் மறுக்கவில்லை. நாம் மகன் வழி, மாத்தியாஸ் கார்க்கமோ வழி. அவள் கொண்டுபோனது அந்த மாத்தியாஸின் அடக்கப் பதிவு. ஆயிரத்து எழுநூற்று அறுபத்துநாலில் கேப்டன் மகன் மாத்தியாஸ், மூன்று வயது, பாடகர் மாடத்துக்குக் கீழே அடக்கம் என்று போட்டிருக்கிறது. பூசை முடிந்து வெளியே வரும்போது ஊரே கேட்கச் சொன்னாள், “மூணு வயசுல செத்த பிள்ளை எந்திரிச்சு வந்து கல்யாணம் கட்டி காசிமிரா வம்சத்தப் பெத்துச்சாம், ஆண்டவர் ஒருத்தருதான் உயிர்த்தாருன்னு நெனச்சிருந்தேன்.” சிரிக்காதவர்களே இல்லை, எனக்குக் காது இரண்டும் ரொட்டிக்கல் மாதிரி ஆகிவிட்டது. அன்செல்மோ சாமியார் நல்லவர்தான், ஆனால் வெளியூர்க்காரர். இரண்டு வீடும் கேட்கிறபோது நான் முகம் பார்த்துக் கொடுக்க முடியாது, கேப்டனிடமிருந்து யார் வருகிறீர்கள் என்று காகிதத்தில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

சரி என்று கோயில் எழுத்தர் டோன் ரூபினோவிடம் போனேன். எனக்கு அச்செழுத்து என்றால் ஓடும், அந்தக் காலத்துக் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது, அவர்தான் விரல் வைத்து வாசித்தார். அறுபத்தொன்றில் ஞானஸ்நானம், கேப்டனுக்கும் அவர் மனைவி டோன்யா இனேஸுக்கும் முறைப்படி பிறந்த மகன் மாத்தியாஸ், இருக்கிறது. அறுபத்துநாலில் அடக்கம், மெலானியா சொன்னது உண்மை, அதுவும் இருக்கிறது. எண்பத்தேழில் கல்யாணம், மாத்தியாஸ் கார்க்கமோ, ஸ்பானியர், கேப்டன் வீட்டில் வளர்ந்தவர் என்று, அதுவும் இருக்கிறது. அந்தக் கல்யாணத்திலிருந்து என் வரைக்கும் ஒரு கண்ணிகூட அறவில்லை, சாமியாரே பார்த்துவிட்டார். ஆக, செத்தவனும் அவன்தான் கல்யாணம் கட்டினவனும் அவன்தான். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் அடுப்பு ஊதும்போது சட்டென்று தோன்றியது, நான் என்ன முட்டாள், என்னையே பார்த்தால் போதுமே. எனக்கு முன்னால் ஒரு காசிமிரா இருந்தாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், என் அக்கா, பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த பெண் நான் பிறந்ததும் நம் பழக்கப்படி அவள் பெயரையே எனக்கு வைத்தார்கள். என் அப்பா மறுபடி ஊராட்சி அலுவலகத்துக்கு நடக்கவில்லை, காகிதத்தில் பெயர் இருக்கிறதே போதும் என்று அக்காவுடைய காகிதத்தையே எனக்கு வைத்துக்கொண்டார், அதனால்தான் அடையாள அட்டையில் நான் எழுபத்துநாலு, உடம்பில் எழுபத்திரண்டு. கேப்டன் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும், மூத்த மாத்தியாஸ் போய் இளைய மாத்தியாஸ் வந்திருப்பான் என்று ஓட்டமாக ஓடினேன். டோன் ரூபினோவும் ஆமாம் என்று அடுத்த பத்து வருஷத்தைப் புரட்டினார். கேப்டனுக்கு இரண்டு மகள்கள் பிறந்திருக்கிறார்கள். மகன் இல்லை.

அப்போது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இது வெள்ளை ஸ்பானியர்களுடைய புத்தகம், மற்ற நிறத்தவர்களுக்கு வேறு புத்தகம் இருக்கிறது, அதையும் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, எங்கள் ஆட்கள் அதில் இருக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இரண்டு வாரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருக்கும் கேப்டன் படத்தைப் பார்ப்பதும், நொல்வியா மூக்கைப் பார்ப்பதுமாக இருந்தேன். கடைசியில் போன புதன்கிழமை நானே போய், சரி எடுங்கள் என்றேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை மகளே. அறுபத்தைந்தாம் வருஷம், மாத்தியாஸ், முலாட்டோ, அதாவது கறுப்பும் வெள்ளையும் கலந்த பிள்ளை, கேப்டன் கார்க்கமோவின் அடிமை டொமிங்காவின் மகன், தகப்பன் தெரியவில்லை, ஞானத்தாய் டோன்யா இனேஸ்.

மறுபடி வாசிக்கச் சொன்னேன், மறுபடியும் அதேதான். அந்த அம்மாள் தன் செத்த மகன் பெயரை அடிமைப் பெண்ணின் பிள்ளைக்கு வைத்து, தானே கையில் ஏந்தி நின்றிருக்கிறாள். ஆசைப்பட்டு வைத்தாளா, புருஷன் சொல்லி வைத்தாளா, பிள்ளை முகத்தில் யாரையாவது பார்த்தாளா, பார்த்தும் வைத்தாளா, எனக்கு எப்படி யோசித்தாலும் பிடிபடவில்லை. ஞானஸ்நானத்தில் முலாட்டோ, கல்யாணத்தில் ஸ்பானியர், ஒரே ஆள் எப்படி இரண்டாக இருப்பான் என்று கேட்டேன். பெரிய வீட்டில் வளர்ந்து எழுதுகிறவனும் வேண்டியவனாக இருந்தால் அப்படி மாறிப்போவது உண்டு என்றார் டோன் ரூபினோ. தகப்பன் கேப்டனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வேறு காகிதம் இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, “இந்தப் புத்தகத்த என்னைத் தவிர யாரும் தொறக்கறதில்ல. அடக்கம் எழுதினவன் கை தவறிப் பேர மாத்தி எழுதிட்டான்னு சொல்லிடுவோம், சாமியார் ஒத்துக்குவாரு. பிள்ளைக்குச் சட்டையும் தச்சுட்டீங்க” என்றார். வாசித்ததை ஒரு தாளில் பிரதி எடுத்து என் கையிலேயே கொடுத்து, முடிவு உங்களுடையது என்று சொல்லிவிட்டார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன், நான் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். தாளை மடித்து சோளப் பானைக்கு அடியில் வைத்தேன். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் சட்டையைத் தேய்ப்பதும் மடிப்பதுமாக இருந்தேன். ஆனால் படுத்தால் என் அக்கா நினைவுதான் வந்தது. அந்தப் பிள்ளை பதினோரு மாதம் இந்த உலகத்தில் இருந்ததற்கு இருந்த ஒரே காகிதம் அது, அதை எழுபது வருஷமாக நான் வைத்துக்கொண்டு திரிகிறேன், அவளுக்கென்று ஒன்றும் இல்லை. அது நான் செய்ததில்லை, அப்பாவின் சோம்பல். இந்த டொமிங்காவையும் இல்லை என்று சொன்னால் அது நான் செய்ததாகும். இதைச் சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை, சனிக்கிழமை மனதில் தெளிவாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் பின்னறை சக்ரீஸ்துவில் எல்லோரும் கூடினோம். தாளை சாமியார் கையில் கொடுத்தேன், அவர் வாசித்துவிட்டு என்னையே பார்த்தார், மெலானியா எட்டிப் பிடுங்காத குறையாக வாங்கி உதடு அசைய வாசித்தாள். “இத்தன வருஷமா கேப்டன் கேப்டன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்த. கடைசில நீ அடுக்களப் பக்கமா வந்தவளா” என்று கேட்டாள். நான், “ஆமா மெலானியா. அந்த அடுக்களையிலதான் உங்க பாட்டிக்கும் சோறு வெந்துச்சு” என்றேன். அவள் தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள், கசக்காமல் கொடுத்தாள், அதையும் சொல்ல வேண்டும். சாமியார், தகப்பன் பெயர் இல்லாததால் கேப்டன் வம்சம் என்று எழுத எனக்கு வழியில்லை என்றார், அவர் குரல் இறங்கித்தான் இருந்தது. சாவி இந்த வருஷம் மெலானியா பேத்தி கழுத்துக்குப் போகிறது.

நொல்வியா ஒரு சாயங்காலம் முழுக்க அழுதாள். கையைத் தட்டிவிட்டாள், உனக்கு யாரு கேட்டா அந்தப் புத்தகத்தை என்று என்னைத் திட்டினாள், நானும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் பீன்ஸும் தயிர்க்கட்டியும் வைத்தேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, டொமிங்காவை விடுதலை பண்ணினார்களா பாட்டி என்று கேட்டாள். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது, டோன் ரூபினோவிடம் தேடச் சொன்னேன், அவள் கல்யாணமும் இல்லை அடக்கமும் இல்லை. நீ நொல்வியாவை போனில் கூப்பிடு, ஆனால் அவளைச் சமாதானப்படுத்துவதற்காக என்னைக் குறை சொல்லாதே, அவளுக்கு ரோஷம் என்னைப் போல, தானாகத்தான் ஆறும்.

லீவு கிடைத்ததும் ஸ்பெயினில் கேப்டன் பிறந்த ஊருக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாயே, போக ஆசையாக இருந்தால் போ, ஊர் அழகாக இருக்கும். அங்கே யாரிடமும் இன்னாருடைய வம்சம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், நமக்கே தெரியாததை எதற்குச் சொல்வது. சாமியாரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன், பெரிய வியாழன் பூசையில் இறந்தவர்களுக்காக வேண்டும்போது டொமிங்கா பெயரைச் சேர்க்க வேண்டும் என்று. சரி என்று சொல்லிவிட்டார். இந்தக் கோயிலில் அவள் பெயர் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் பிறகு இப்போதுதான் கேட்கப்போகிறது. உனக்கு அப்போது நடு இரவு தாண்டியிருக்கும், விழித்திருக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் கோயில் திறந்திருந்தால் ஒரு மெழுகுவர்த்தி மட்டும் ஏற்று, மறந்துவிடாதே. குளிருக்குக் காலுறை இரண்டாகப் போட்டுக்கொள். ஆண்டவரும் மாதாவும் உன் கூடவே நடக்கட்டும், உன் கைக்கு வேலையும் உன் கண்ணுக்குத் தூக்கமும் குறையாமல் இருக்கட்டும்.

எனக்கு இன்னும் எல்லாம் குழப்பம்தான். கேப்டன் நமக்கு யார், இனேஸ் என்ன நினைத்தாள், மாத்தியாஸ் எந்த நிறம், ஒவ்வொரு காகிதமும் ஒவ்வொன்று சொல்கிறது. டொமிங்கா ஒரே ஒரு காகிதத்தில்தான் இருக்கிறாள், அதனால் அவளைப் பற்றி மட்டும் சண்டை இல்லை. அவள் மாத்தியாஸைப் பெற்றாள், அங்கிருந்து நாம் வந்தோம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
டொமிங்கா வழி வந்த காசிமிரா