மூன்றாம் கீற்று

நிலம் செழிக்க. முகிற்கோட்டு நாட்டின் முடியுடை அரசி நீலவஞ்சியார் திருவாய்மொழிப்படி, அமைச்சர் ஓரிக்கீரனார் கருந்துறை மன்னர் தித்தருக்கு எழுதுவித்த ஓலை. உம் குடிகளுக்கும் கன்றுகாலிகளுக்கும் எம் வாழ்த்து உரித்தாகுக; உமக்கு வாழ்த்துச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

எம் வடிசாலைத் தலைவன் பொலம்பனை நீர் சிறைகொண்டு நான்காண்டு ஆகிறது. அவன் உயிரோடு திரும்பினால் எம் காவலிலுள்ள உம் தம்பியை விடுவிப்பதென்பது உடன்பாடு. அவன் நலமே இருப்பதற்குச் சான்றாக, அங்கே அவன் கையால் வடித்த முளைத்தேறல் என்று சொல்லி, ஒரு பீப்பாயை உம் தூதன் சாத்துவன் எம் அவைக்குள் உருட்டி வந்தான். நிறமும் காரமும் இருக்கின்றன, இன்னும் என்ன வேண்டும் என்று இளித்தான்.

என்ன வேண்டும் என்பதைப் பொலம்பன் மனைவி எயினியே அவனுக்குச் சொன்னாள். முளைவிட்ட வாற்கோதுமை, நீர், புளிக்கவைக்கும் மண்டி, இவையன்றி வேறு தானியமோ வெல்லமோ சேரலாகாது. ஒரே வடிசாலையின் செப்புக் கொப்பரையில் இருமுறை வடித்து, மரப்பீப்பாயில் மூன்றாண்டு உறங்கவிட வேண்டும். ஆண்டு நிறையுந்தோறும் வடித்தவனே மூடியில் ஒரு கீற்று வெட்டுவான். மூன்று கீற்று விழும்வரை அது வெறும் சாராயம்.

அவள் ஒரு துளியை நாவில் வைத்தாள். அவர் கைப்பக்குவமே என்றாள், முகம் மலர்ந்தது. பிறகு மூடியைத் தடவினாள். பொலம்பன் இடக்கையன், அவன் வெட்டும் கீற்று எப்போதும் சாய்ந்தே விழும். முதலிரண்டும் சாய்ந்திருந்தன. மூன்றாவது நேராக நின்றது.

அவனே வெட்டினான், என் கண்ணால் கண்டேன் என்று சாத்துவன் சத்தியம் செய்தான். எந்தக் கையால் என்று எயினி கேட்டாள். வலக்கையால் என்றான் அந்த மடையன்.

அவள் அந்த நேர்க்கீற்றின்மேல் விரலை வைத்து அரசியாரைப் பார்த்தாள். அரசியாருக்கு வந்த சினத்தை இவ்வோலை தாங்காது.

அவன் இடக்கை போயிற்றோ, உயிரே போயிற்றோ, மறைக்காமல் சொல்லும். பன்னிரண்டு நாளுக்குள் பொலம்பன் எல்லைக்கு வந்து சேர வேண்டும். உம் தூதன் எம்மிடமே இருக்கிறான். அவன் கைகள் இரண்டும் இதுவரை அவனிடமே இருக்கின்றன.

பொய்க் கீற்றை எயினி இழைத்து எடுத்துவிட்டாள். அவ்விடம் வெறுமையாய் இருக்கிறது. பொலம்பன் வந்தால் அவன் வெட்டுவான். வராவிடில், எம் படை உம் கோட்டைக் கதவைப் பிளக்கும் நாளில் அவள் வெட்டுவாள்.

இது அரசாணை. முகில் முத்திரை இட்டோம்.