நாலாவது இதழின் தலையங்கம்

காலையில் கடையைத் திறக்க வந்தால் கதவில் ஒட்டிய அஞ்சலி போஸ்டரில் உன் முகம். பசை இன்னும் காயவில்லை. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘மண்ணின் மைந்தர்’ என்று போட்டு, அதற்கும் கீழே உங்கள் சாதிச் சங்கத்தின் பெயர். பசையின் புளித்த வாடை கடைக்குள் இருந்த ஏலக்காய் மணத்தையே அமுக்கிவிட்டது. கிழிக்கக் கை போனது. செத்தவன் முகத்தை எப்படிக் கிழிப்பது? எரிச்சலோடு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

நாம் இருவரும் ‘சரிவு’ பத்திரிகை தொடங்கியபோது, எழுதுகிறவர் பெயரோடு ஊர்ப் பெயர் மட்டும்தான் வரும், சாதி வராது என்று சட்டம் போட்டவனே நீதான். இப்போது உன் படத்துக்குக் கீழே அதைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.

மதுரையில் பழைய புத்தகக் கடையில் எடுத்த ஆங்கிலச் சஞ்சிகையை இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்சை விட்டிறங்கி நேரே என் கடைக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? துருக்கியில் பேரரசு விழுந்த காலத்தில் ஒரு சின்னப் பத்திரிகை வந்ததாம், சீக்கிரமே நின்றும் போனதாம். துருக்கியன் என்றால் ரத்தம், எந்தத் தேசத்தில் இருந்தாலும் ஒரே இனம் என்று அங்கே ஒரு கூட்டம் பேசிக்கொண்டிருந்தது. இந்தப் பத்திரிகைக்காரர்களோ, அதெல்லாம் இல்லை, இந்த நிலத்தில் சேர்ந்து வாழ்ந்து, உழுது, இங்கேயே புதைந்தவர்கள்தான் ஒரு மக்கள் என்றார்களாம். ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாய்.

“மாப்ளே, இது நம்ம போடிக்கே எழுதுன மாதிரி இருக்குடா. வீட்டுல தெலுங்கு பேசுறவன், கன்னடம் பேசுறவன், ஒன்னைய மாதிரி மலையாளம் பேசுறவன், எல்லாரும் இந்தச் சரிவுல பொழைக்கிற ஒரே சனம்தேன்.”

என் அப்பா மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து கடை வைத்தவர். எத்தனை வருடம் இருந்தாலும் ஊருக்கு நாங்கள் ‘மலையாளத்தார்’. அன்று நீ அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ போன பிறகு அழுதேன். முதல் இதழில் அதையே கட்டுரையாக எழுதினாய். எனக்கு அது மனப்பாடம்.

மூன்று இதழ் ஒழுங்காகப் போயிற்று. நாலாவதற்குச் சங்கத்தில் இருந்த உன் சித்தப்பா காகிதம் வாங்கித் தந்தார். அச்சகத்தில் பிழை திருத்த உட்கார்ந்தவன், உன் தலையங்கத்தைப் படித்துவிட்டு எழுந்தே விட்டேன். பட்டா எவன் பேரில் இருக்கிறதோ அவனே இந்த மண்ணின் ஆள், மற்றவர்கள் பிழைக்க வந்தவர்கள் என்று எழுதியிருந்தாய். நிலத்தில் வாழ்கிறவர்கள் போய், நிலத்தை உடையவர்கள் வந்துவிட்டார்கள். வரப்புத் தகராறு பார்த்தே வளர்ந்த நம் பள்ளத்தாக்கு ஆளுக்குத்தான் மண் என்றதும் பட்டா ஞாபகம் வரும்.

“அப்ப தெனமும் தோட்ட வேலைக்குப் போடிமெட்டுக்கு ஜீப்புல தொத்திக்கிட்டுப் போற சனமெல்லாம் யாரு? அவுகளுக்கு மலையிலயும் நெலம் இல்ல, கீழயும் இல்ல” என்று கத்தினேன்.

“ஏன்டா கொதிக்கிற? ஒன்னையச் சொல்லல மாப்ளே. நீ நம்ம ஆளு” என்றாய்.

அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என்னைச் சொல்லவில்லை என்றால் யாரைச் சொன்னாய்? வாடகை வீட்டில் கிடந்த என் அப்பாவையா? திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு மட்டும் சலுகை கொடுத்தாய் பார், அதுதான் சுட்டது. தலையங்கம் அப்படியே அச்சாயிற்று. நான் விலகினேன், ‘சரிவு’ம் நின்றது. அப்புறம் நீ ஒரு வரி எழுதவில்லை. சங்கத்து மேடையில் மாலை வாங்கிக்கொண்டிருந்தாய். தெருவில் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி, “என்ன மாப்ளே, சோலியெல்லாம் எப்படி?” என்பாய். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவேன்.

மத்தியானம் உன் தம்பி வந்தான். சங்கத்தார் உன் நினைவாகப் புத்தகம் போடுகிறார்களாம். அந்தத் தலையங்கம்தான் முதலில் வருமாம்.

“நீங்கதேன் முன்னுரை எழுதணும்ணே. அண்ணனுக்கு ஒங்க மேல அம்புட்டுப் பிரியம்.”

“மொத இதழ்க் கட்டுரையையும் போடுறதா இருந்தா எழுதித் தர்றேன்.”

“அது என்னமோ துருக்கிக் கதையாச்சேண்ணே. அத யாரு படிப்பா?”

“அப்ப என்னைய விட்டுரு. கெளம்பு.”

அவன் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், அவன் மேல் என்ன தப்பு? உன்னிடம் காட்ட வேண்டிய கோபத்தை அவனிடம் காட்டிவிட்டேன்.

அப்பா இறந்த பிறகு என் தம்பிகள் மலையேறி அந்தப் பக்கம் போய்விட்டார்கள். வா, நம்மவர்களோடு இருக்கலாம் என்று இப்போதும் கூப்பிடுகிறார்கள். வியாபாரத்தை விட்டு வர முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய். அந்த முதல் கட்டுரையை நம்பித்தான் இந்த ஊரில் இருக்கிறேன், என் பிள்ளைகளை இங்கே வளர்க்கிறேன். எழுதிய நீ நாலு இதழ்கூட அதை நம்பவில்லை. போஸ்டரையும் மாலையையும் அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கட்டுரை இனி உன்னுடையது இல்லையடா. என்னுடையது.