‘நீக்கு’ பொத்தானை எடுத்த பிள்ளைகளை நீக்க வேண்டாம்

அனுப்புநர்:
தையல்காரி (காலமான பேருந்து ஓட்டுநரின் மனைவி),
மாடி வீடு, சலவைக் கடைக்கு மேலே,
பழைய பேருந்து நிறுத்தத் தெரு.

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
நகரக் குடிநீர் அலுவலகம்.

பொருள்: பெயர் மாற்றக் கணினித் திரையைச் செய்துவரும் மென்பொருள் குழுவை நிறுத்தும் உத்தரவைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அதிகம் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். என் கணவர் இவ்வருடம் காலமானார். தண்ணீர் இணைப்பு அவர் பெயரில் இருந்தது. “இந்த ஊர்ல என்னைத் ‘திரு’ போட்டுக் கூப்பிடுறது தண்ணி பில் ஒண்ணுதான்” என்று சொல்லிச் சிரிப்பார்.

2. பெயர் மாற்றத் தங்கள் அலுவலகம் வந்தேன். கவுன்டரில் இருந்தவர், “இணைப்புக்காரர் நேர்ல வரணும்மா” என்றார். “அவர் வர மாட்டார்னு சொல்லத்தானே வந்திருக்கேன்” என்றேன். பிறகு அவர் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் என் கணவர் பெயர், பக்கத்தில் ‘நீக்கு’ என்று சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால்தான் என் பெயர் ஏறுமாம். என்னால் அழுத்த முடியவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

3. அங்கேதான், அந்தத் திரையைப் புதிதாகச் செய்துவரும் மென்பொருள் குழுவைச் சேர்ந்த பெண் என்னைக் கண்டாள். எது வேண்டும், எது முதலில் என்று முடிவு சொல்லத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் அவர்களோடு உட்கார வேண்டும் என்பது பேச்சாம். ஆள் வரவே இல்லை. கேட்டதற்கு, பொதுமக்களில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று தங்கள் அலுவலகமே எழுதிக் கொடுத்திருக்கிறது. அவள் கூப்பிட்டு, அந்த நாற்காலியில்தான் நான் உட்கார்ந்தேன்.

4. முதல் நாளே முறை சொல்லிவிட்டார்கள். நான் மனதை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வேலை செய்கிற திரையைக் கண்ணால் பார்த்துக் குறை சொல்லலாம். ஆனால் எத்தனை நாள் பிடிக்கும் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். அதில் நான் பேரம் பேசக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டாம். ஐயா, ஆஸ்பத்திரியில் கடைசி நாள் வரைக்கும் “சரியாயிடும்” என்றுதான் சொன்னார்கள். முகத்தைப் பார்த்து “தெரியலைம்மா, பார்த்துச் சொல்றோம்” என்று இந்தப் பிள்ளைகள் சொன்னபோது எனக்கு அவ்வளவு மரியாதை வந்தது.

5. பிறகு, “உங்க கதையைச் சொல்லுங்கம்மா” என்றாள் அந்தப் பெண். அவர்கள் தொழிலில் கதை என்றால், திரையில் நமக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் சொல்வதாம். எனக்கு எப்படித் தெரியும்? அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். எல்லார் டீயும் ஆறிப்போனது. முடித்ததும் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மஞ்சள் சீட்டில் எழுதிப் படித்தாள்: “கணவரை இழந்த எனக்கு, அவர் பெயரை அழிக்காமலே இணைப்பை என் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.” “இதுதானேம்மா?” என்றாள். இதுதான். அவள் படிக்கும் வரை எனக்கே அது தெரியாது.

6. அவர் கைபேசிக்கு வரும் தண்ணீர்ப் பில் செய்திகளையும் நிறுத்தக் கேட்டேன். இந்த இரண்டு வாரத் தவணையில் ஒன்றுதான் முடியும், எது முதலில் என்று நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள். “ராத்திரி கண்ணு முழிச்சா முடியாதா தம்பி?” என்று கேட்டுப் பார்த்தேன். “முடியும்மா. தூக்கக் கலக்கத்துல உங்க தெருவுக்கே பில்லை மாத்தி அனுப்பிடுவோம், பரவாயில்லையா?” என்றார் குழுத் தலைவர். நானும் சிரித்துவிட்டேன். பெயர்தான் முதலில் என்றேன். சொன்னபடி அடுத்த முறை காட்டினார்கள். ‘நீக்கு’ இல்லை. ‘என் பெயருக்கு மாற்று’ என்றிருந்தது. அழுத்தினேன். மேலே என் பெயர், கீழே ‘முன்பு இருந்தவர்’ என்று அவர் பெயர். அவர் போன பிறகு ஓர் அலுவலகத்திலிருந்து அழாமல் நான் வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

7. இப்போது, ஒப்பந்தத்தில் இல்லாததைச் செய்தார்கள் என்று அவர்களை நிறுத்தி, பழைய திரையையே திரும்பப் போடத் தாங்கள் உத்தரவிட்டிருப்பதாக அறிகிறேன். அது வந்தால் என் கணவர் பெயரை நீக்கித்தான் ஆக வேண்டும். இனி வரும் குழு யாருக்கும் காட்டாமல் செய்து, முழுவதும் முடித்த பிறகுதான் கொடுக்குமாம். நான் துணி தைக்கிறவள். போட்டுப் பார்க்க ஆளே வராமல் தைத்த சட்டைக்கு யார் பொறுப்பு, ஐயா? அந்த மாற்றம் அவர்கள் இஷ்டத்துக்குச் செய்ததல்ல. தாங்கள் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கேட்டது. குற்றம் என்றால் என்னைக் கேளுங்கள்.

8. ஆகவே உத்தரவை நிறுத்திவைத்து, அந்தப் பிள்ளைகளையே தொடரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எதையும் முடிவு செய்யும் முன், வரும் வியாழக்கிழமை அவர்கள் வேலையைக் காட்டும்போது தாங்களும் வர வேண்டும். என் நாற்காலியைத் தங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். பார்த்த பிறகும் பழைய திரைதான் வேண்டும் என்றால், அந்தச் சிவப்புப் பொத்தானைத் தாங்களே அழுத்துங்கள். என் கணவர் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல நான் பக்கத்தில் நிற்கிறேன்.

இடம்: வீடு
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்
தையல்காரி
(கையொப்பம்)