ஒரே கேபிளில் இரண்டு மாஸ்டர்

நேற்று என் பழைய கணினியைப் பரணிலிருந்து இறக்கி, கழித்துக்கட்டும் முன் மூடியைக் கழற்றினேன். சூடேறிய பிளாஸ்டிக்கின் அந்தப் பழைய வாடை இன்னும் போகவில்லை. உள்ளே கண்டதன் அடிப்படையில் உன்மீது கீழ்க்கண்ட குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்கிறேன்.

1. 1997 ஆகஸ்ட், முதல் சனிக்கிழமை: என் ஹார்ட் டிஸ்க்கை ஸ்லேவாகப் போடச் சொன்னாய்.

2. அதே மாதம், மூன்றாம் சனிக்கிழமை: என்னை டீ குடிக்க அனுப்பிவிட்டு, திரும்பி வந்த என்னிடம் பொய் சொன்னாய்.

3. இந்த ஆண்டு, மாசி மாதம்: அந்தப் பொய்யைத் திருத்தாமலேயே இறந்துபோனாய்.

விவரம் உனக்குத் தெரியும்; இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். நான் முனைவர் பட்டத்துக்குப் போனேன், நீ கணினி பழுதுபார்க்கப் போனாய். ஆய்வேட்டை மாத முடிவுக்குள் ஒப்படைக்க வேண்டிய நிலையில் என் டிஸ்க் பல்லி கத்துவதுபோல் சத்தமிடத் தொடங்கியது. ஐந்தாண்டு உழைப்பு அதற்குள்தான் இருந்தது. பிளாப்பியில் படியெடுத்தால் பாதியில் நின்றது. சாந்தோமில் உன் சொந்தக் கணினியின் டிஸ்க்கைக் கழற்றி, துண்டில் சுற்றி, ராஜா அண்ணாமலைபுரத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுவந்தாய். வேறு கம்பெனிச் சரக்கு. ஒரே கேபிளில் இரண்டையும் மாட்டியதும் திரையில் இரண்டில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"மச்சி, உன்னுது பழசு. புதுசுக்கு அடங்கிப் போனாத்தான் வேலைக்கு ஆவும். ஜம்பரை மாத்திடறேன்."

ஜம்பர் என்பது அரிசிமணி அளவு கறுப்பு மூடி. டிஸ்க்கின் பின்புறம் அது செருகியிருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் ஒன்று மாஸ்டர், மற்றது அதற்கு அடங்கும் ஸ்லேவ்.

"என் ஆய்வேடு இருக்கிற டிஸ்க் யாருக்கும் ஸ்லேவ் கிடையாது," என்றேன்.

"டீக்கடைல ரெண்டு மாஸ்டர் மொறைச்சிகினு நின்னா டீ வருமா நைனா?"

நான் சிரிக்கவில்லை. மூன்று சனிக்கிழமைகள், நான் சொன்னபடியே, என்னுடையதை மாஸ்டராக வைத்தே முயன்றாய். மூன்றாவது சனிக்கிழமை, காபி டம்ளரோடு நின்றிருந்த என் அம்மாவின் எதிரில் சொன்னேன்: "உனக்குத் தொழில் தெரியலை. தெரிஞ்சவனைக் கூப்பிட்டிருக்கணும்."

"என்னடா பேச்சு இது?" என்றாள் அம்மா. நீ டம்ளரை வாங்கிக்கொண்டு, "வுடுங்க ஆன்ட்டி, பரீட்சை ஜுரம்," என்றாய். பிறகு என்னிடம், "போய் ஒரு டீ அட்ச்சிட்டு வா மச்சி. நீ மூச்சு வுட்டாலே மிஷின் பயப்படுது," என்றாய்.

திரும்பியபோது பெட்டி மூடியிருந்தது. நான்கு திருகாணிகளும் இறுகியிருந்தன. திரையில் என் ஏழு அத்தியாயங்களும் வரிசையாக நின்றன.

"உன்னுதுதான் மாஸ்டர். நீ சொன்னதுதான் கரீக்டு," என்றாய்.

ஆய்வேடு உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. உன் டிஸ்க்கை நீ திருப்பிக் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து இந்தக் கதையை நான் பாடம் நடத்தும் வகுப்பிலும் கல்யாணப் பந்தியிலும் சொல்லிவந்திருக்கிறேன். ஆய்வு மாணவன் மெக்கானிக்குக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கதையாக. உன் வீட்டிலேயே, உன் மனைவியின் முன் சொன்னேன். நீ எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாய்.

நேற்று ஜம்பர்களைப் பார்த்தேன். உன்னுடையது மாஸ்டர். என்னுடையது ஸ்லேவ். நான் டீக்கடையில் நின்றிருந்த அந்த அரைமணியில் மாற்றியிருக்கிறாய். அத்தியாயங்களை உன் டிஸ்க்குக்கு இழுத்துக் காப்பாற்றிவிட்டு, வெற்றியை என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறாய். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக என்னை முட்டாளாகவே பேசவிட்டதை நான் எளிதில் விடுவதாக இல்லை.

உன் ஜம்பரைக் கழற்றிச் சட்டைப்பையில், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இந்தக் கதை இனி திருத்தத்துடன்தான் சொல்லப்படும். முதலில் உன் மனைவியிடம்.

உனக்குத் தொழில் தெரியவில்லை என்ற என் சொல்லை இம்மடல் வழியாகத் திரும்பப் பெறுகிறேன். இது குறித்து உன் ஆட்சேபணையை வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால், என்னை மன்னித்துவிட்டாய் என்றே கருதப்படும்.