பள்ளிவாசலில் புதுக் கோடுகள்

மார்ச் 4

அன்புள்ள அத்தாவுக்கு,

ஸலாம். நீங்கள் பள்ளிவாசலில் முன்னால் நின்று தொழவைப்பதையே நிறுத்திவிட்டீர்கள் என்று தங்கச்சி போனில் அழுதாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. லீவில் வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? போனில் கஅபா இருக்கும் திசை பார்த்துவிட்டு, "நாம தொழுற கிப்லா கொஞ்சம் சாஞ்சிருக்கே"ன்னு பள்ளிவாசல் செயலாளரிடம் உளறினேன். அதற்காகத் தரையில் தொழ நிற்கும் வரிசைகளுக்குச் சாய்வாகப் புதுக் கோடுகளே போட்டுவிடுவார்கள் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் சாய்ந்தாலும் தொழுகை கூடும், வீணாகாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்?

உங்கள் மகன்

மார்ச் 19

என் செல்ல மகனுக்கு,

ஸலாம். கூடும்தான். ஊருக்குச் சொல்வது சுலபம். இத்தனை வருடம் என்னை நம்பிப் பின்னால் நின்றவர்களில் பாதிப்பேர் இப்போது மண்ணுக்குள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்? கப்பல் வியாபாரிகள் கட்டிய பள்ளி அது. முற்றத்தில் கம்பு நட்டு, நிழல் பார்த்துத்தான் அஸ்திவாரம் போட்டார்களாம். இப்போது கட்டடம் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். ஆனாலும் நீ பாலம் கட்டுகிற இன்ஜினியர், நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தா

மே 29

அத்தா,

நான் ஒரு மடையன். கூரை விரிசல் விட்டபோது தூண்களுக்குள் இரும்புக் கம்பி இறக்கினார்களே, அந்தத் தூணில் சாய்ந்துகொண்டுதான் திசை பார்த்தேன். இரும்பு, போனின் திசைமுள்ளை இழுத்துவிட்டது. பாலம் கட்டுகிறவனுக்கு இதுகூடத் தோன்றவில்லை!

நேற்று சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் வந்த நேரத்தில் மச்சானைப் போனில் கூப்பிட்டு, பள்ளி முற்றத்தில் கம்பு நடச் சொன்னேன். அப்போது நிழல் கஅபாவின் நேர்கோட்டிலேயே விழும், பொய் சொல்லாது. பழைய கட்டடம் இம்மிகூடப் பிசகவில்லை. செயலாளரிடமும் தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். தயவுசெய்து போய்த் தொழவையுங்கள். இந்தப் பாவத்தை என்னால் சுமக்க முடியாது.

உங்கள் மகன்

ஜூன் 15

மகனே,

கோடுகளை அழித்துவிட்டார்கள். செயலாளரே வந்து, "வாங்க ஹஜ்ரத், உங்க இடம் காலியா கிடக்கு"ன்னு கையைப் பிடித்து அழைத்துப் போனார். முன்னால் நின்றேன். தொழுகையைத் தொடங்கக் கை உயர்த்தித் தக்பீர் கட்டப் போகும்போது, 'சரிதானா?' என்று மனசு கேட்டது. சரி என்று தெரியும், அந்த நிழலை நானும்தான் பார்த்தேன். ஆனாலும் கை எழவில்லை. முன்பெல்லாம் இப்படி ஒரு கேள்வி வந்ததே கிடையாது. பின்னால் ஆட்கள் இருமிக்கொண்டு காத்திருந்தார்கள். திரும்பி, எனக்குத் துணையாக இருந்த சின்ன ஹஜ்ரத்தை முன்னால் வந்து தொழவைக்கச் சொல்லிவிட்டேன்.

அவர் நன்றாக ஓதுகிறார். நான் கடைசி வரிசையில் நிற்கிறேன். உன் மேல் எனக்கு எள்ளளவும் கோபம் இல்லை, நம்பு. அம்மாவிடம் முட்டிவலி என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல்.

உன் அத்தா