நீ போக வேண்டிய மாநாடு

என் பிரியமுள்ள மாப்ள மாரிச்சாமி,

கோயம்புத்தூர் போய்வந்தேன். நீ போக வேண்டிய மாநாடு அது. கம்பம் ஏறுகிறவன் ஒருவன் வரட்டும் என்று கேட்டபோது, நம் கரண்டு ஆபீசில் முதலில் உன் பேரைத்தான் கொடுத்திருந்தார்கள். அதற்காக நீ புதுச் சட்டைகூடத் தைக்கக் கொடுத்திருந்தாயாம். என் தங்கச்சி பாண்டியம்மா அதை எனக்குப் போட்டு அனுப்பினாள். தோளில் இறுக்கிப் பிடித்தது.

"அண்ணே, பெரிய பெரிய ஆளுகளா வருவாக. எங்க வீட்டுக்காரவுக மேல தப்பான்னு மட்டும் கேட்டுட்டு வா" என்றாள்.

செல்லூரில் இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. கீழே ஆள் நிறுத்தாமல் ஏறினான், போய்ச் சேர்ந்தான் என்கிறார்கள். உன் அப்பாவே அப்படிச் சொல்லித்தான் அழுகிறார். நிறுத்த ஆள் ஏது? அன்றைக்கு என்னை ஆனையூருக்கு அனுப்பிவிட்டார்கள். நீ நம் வழக்கப்படி டிரான்ஸ்பார்மரில் ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கி, உன் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறினாய். கட்டை நம் பையில் இருந்தால் உயிரும் நம் பையில் என்றுதானே நம்பினோம்? தறி நின்றுபோச்சே என்ற அவசரத்தில், காலியான இடத்தில் எவனோ ஒரு கம்பித் துண்டைச் சொருகிவிட்டான். பின்சந்துக் கம்பத்தில் நீ இருந்தது அவனுக்குத் தெரியாது. சேதி கேட்டு ஓடி வந்து உன்னை இறக்கியது நான். கட்டைகள் உன் பையிலேயே இருந்தன.

மாநாட்டில் நல்ல பேச்சாளர்கள், மாப்ள. நாட்டுக்கே விளக்கேற்றுகிறவர்கள் நீங்கள் என்றார் ஒருவர். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "மச்சான், நம்ம வீட்டுக்கு எப்ப ஏத்துவாகளாம்?" என்று விலாவில் இடித்திருப்பாய். அதை நினைத்ததும் சிலிர்ப்பு போய்விட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் மேடைக்கு வந்தார். அவரும் கம்பம் ஏறிய ஆள்தான்; இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறாராம். இடது சட்டைக்கை வெறுமனே தொங்கியது. "கட்டை பைக்குள்ள இருக்குதுன்னு நம்பிக் கம்பியத் தொட்டேனுங்க" என்றார். தன் கதையை அதோடு முடித்துக்கொண்டு, ஓர் இரும்புச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். வேலை செய்யும் இடத்தில் கம்பிகளை அதனால் பிணைத்து, மண்ணோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டுமாம். பிறகு எவன் எதைச் சொருகினாலும் கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும், மேலே இருப்பவன் பிழைப்பான். அரங்கமே எழுந்து கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. ஒரு சங்கிலி, மாப்ள. இம்புட்டுத்தானா?

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போய் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவர் என் தோளில், உன் சட்டையின் மேல், கையை வைத்தார்.

"அவரு மேல தப்பில்லைங்க. நாங்க சொல்லிக் குடுத்ததைத்தான் செஞ்சிருக்காரு. நாங்க பாதிதானுங்க சொல்லிக் குடுத்தோம்."

அவர் காலில் விழுவதா, சட்டையைப் பிடித்து உலுக்குவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பரவையில் உன் வீட்டுக்கு வந்து பாண்டியம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் அழவில்லை.

"ஒங்க ஆபீசுல அந்தச் சங்கிலி இருக்காண்ணே?"

"இல்ல தாயி. கேட்டு எழுதிருக்காக. வருமாம்."

எழுந்து கொல்லைக்குப் போனாள். வாளியைக் கழற்றிவிட்டு, கிணற்றுச் சங்கிலியை ஈரத்தோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பத்துமான்னு பாரு. அது வர்ற வரைக்கும் இத வச்சுக்க. ஒன்னையும் தூக்கியாந்து போட்டா நான் தாங்க மாட்டேண்ணே."

"தண்ணிக்கு?"

"கயிறு கெடக்கு."

நேற்று செல்லூரில், நீ ஏறிய அதே கம்பத்தில் நான் ஏறினேன். கீழே தறிக்காரர்கள், "எம்புட்டு நேரம்ணே?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் காய்ந்த மூங்கில் கழியால் சங்கிலியை மாட்டிக் கட்டி முடித்த பிறகுதான் கம்பியில் கை வைத்தேன். அப்போதும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டேன். உனக்குக் கண்ணை மூட நேரம் இருந்ததா, மாப்ள?

இந்தச் சங்கிலி மண்ணைத் தொடாமல் இனி நான் கம்பியைத் தொட மாட்டேன். கூட வருகிற எவனையும் தொட விட மாட்டேன். ஆபீஸ் சங்கிலி வந்த அன்றே இதைக் கொண்டுபோய்க் கிணற்றில் மாட்டிக் கொடுப்பேன். அதுவரைக்கும் உன் பெண்டாட்டி கயிற்றில்தான் இறைப்பாள்.

அவளுக்கு அண்ணனும் உனக்கு மச்சானுமான,
செல்வராசு