துப்பாக்கிக்கும் கொசுறு

அண்ணாச்சி,

டிராம்பேயிலிருந்து செம்பூர் வரும் பஸ் எண்ணெய் ஆலையைத் தாண்டும்போது அழுகிய முட்டை நாற்றம் உள்ளே வரும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கு உங்கள் தாராவிக் கடையின் பின்கட்டு வந்துவிடுகிறது. புதுத் துப்பாக்கியின் குழலில் வெந்நீர் ஊற்றி நீங்கள் கழுவியபோது கிளம்பிய அதே நாற்றம். தீய்ந்த கன்னத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு, "என்னா சத்தம், கேட்டியாடே!" என்று சிரித்தீர்கள்.

ஊரில் கடலைக் காட்டைப் பன்றி கிண்டுகிறது என்று லைசென்ஸ் வாங்கினீர்கள். துப்பாக்கிக் கடைக்காரன் "உள்ளே திருகு வரி வெட்டிய ரைஃபிள், சேட்" என்று உங்கள் தலையில் கட்டிவிட்டான். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற அந்தச் சாமானை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தேன். வரியா அது? பல் போனவன் கடித்துத் துப்பிய கரும்பு. மருந்தைப் பற்றவைக்கிற கேப்பை மாட்டும் குமிழுக்கு மரையே ஒழுங்காகப் பிடிக்கவில்லை. பாலிஷ் மட்டும் பளபளவென்று இருந்தது. டிராம்பே பட்டறையில் என் லேத்திலிருந்து இப்படி ஒன்று வெளியே போனால் வேலையை விட்டே போய்விடுவேன். நீங்களோ அதற்குக் குங்குமம் வைத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மான்குர்த் தாண்டி உப்பளத்து வெளிக்குப் போனோம். நீங்கள், உங்கள் மச்சினர், நான்.

"கையில புடிச்சு வெடிக்கக் கூடாது அண்ணாச்சி. பழைய டயர்ல கட்டி, தள்ளி நின்னு கயித்த இழுப்போம்."

"மாட்டக் கட்டுத மாதிரி கட்டிப்போடவாடே இத வாங்குனேன்? ஊருல தெரிஞ்சா சிரிப்பானுவ."

"கண்ணு போனா அழுவானுவளா?"

"அத்தான், எஞ்சினியரு வாயில நல்ல வார்த்தையே வராது" என்றார் மச்சினர்.

ஒருவழியாகக் கயிறு கட்டினோம். முதல் வெடி ஒழுங்காகப் போனது. அடுத்ததைக் கையில் பிடித்தே தீருவேன் என்று நின்றீர்கள். மருந்தை அளந்து காகிதத்தில் கொடுத்துவிட்டு, குறிக்கு ஒரு உடைந்த சட்டியை வைக்கப் போனேன். திரும்பி வந்து உங்கள் பின்னால் நின்றேன். விசையை இழுத்தீர்கள். சட்டி அப்படியே இருந்தது. நீங்கள் உப்புச் சேற்றில் உட்கார்ந்திருந்தீர்கள். குமிழ் இளகி, நெருப்பு பின்பக்கமாகச் சீறிக் கன்னத்தைத் தீய்த்திருந்தது.

"எவ்வளவு போட்டீங்க?"

"நீ குடுத்ததுதான்."

"அப்புறம்?"

"ஒரு சிட்டிகை. கொசுறு."

கடையில் பருப்பை நிறுத்து, தராசு முள் நடுவில் நின்ற பிறகும் ஒரு சிட்டிகை அள்ளிப் பொட்டலத்தில் போடுவீர்களே, அதே கை. "துப்பாக்கி என்ன உங்க வாடிக்கையா? அதுக்குமா கொசுறு?" என்று கத்தினேன். மச்சினர் சேற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் மட்டும் சிரிக்காமல், "கொசுறு போடாத கை வெளங்காதுடே" என்றீர்கள். இப்படி ஒரு மடத்தனத்தை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை.

குழலை வீசிவிடச் சொன்னேன்; கேட்கவில்லை. அதனால் மரையை ஆழமாக வெட்டி, புதுக் குமிழ் கடைந்து போட்டேன். பித்தளையில் ஒரு சிறு குவளையும் கடைந்தேன். தலை தட்டி ஒரு குவளை, அதற்கு மேல் ஒரு துகள் கூடாது. தராசுத் தட்டில் கை வைத்துச் சத்தியம் செய்தீர்கள். வியாபாரி அந்தச் சத்தியத்தை மீறமாட்டான் என்று நம்பித்தான் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு உங்களை ரயிலேற்றிவிட்டேன்.

மச்சினர் மட்டும் திரும்பி வந்தார். கொடையில் முதல் வெடி சாமிக்கு. எல்லோர் முன்னாலும் குவளையை மடியில் செருகிவிட்டு, "சாமிக்குப் போயி அளந்தா போடுவாவ?" என்று கையாலேயே அள்ளிப் போட்டீர்களாம். குழல் பிளந்துவிட்டது.

கடைக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னது அதைவிடக் கேவலம். உப்பளத்தில் முதல் வெடியைக் கயிறு கட்டி வெடித்தது சாமி குற்றமாம். கைப்பிடி கைப்பிடியாக மருந்தை அள்ளியதில் குற்றமில்லை, கயிற்றில்தான் குற்றம். அந்த மட்டக் குழலை விற்றவன் இன்னொரு தலையில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டிருப்பான். அவனை ஒருவரும் ஏசவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு என்னை முறைத்தார்கள்.

குவளையை அண்ணி கொடுத்தனுப்பினார்கள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். கரிக்கறையே இல்லை. ஒரு தடவை கூட அதில் நீங்கள் அளக்கவில்லை. இப்போது அது என் சட்டைப் பையில் கிடக்கிறது. எதற்கு என்று கேட்காதீர்கள்.

கடையை மச்சினர்தான் பார்க்கிறார். அளவில் பிசகே கிடையாது. நேற்றுத் துவரம்பருப்பு வாங்கினேன். முள் நடுவில் நின்றது. பொட்டலத்தை மடித்து நூல் சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டும் நான் நகராமல் நின்றேன்.

"என்ன எஞ்சினியரே, எடை சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு" என்றேன். தெருவில் இறங்கிப் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தேன். ஒரு சிட்டிகை குறைவு, அண்ணாச்சி.